அணு உலைக் கடும் விபத்துகளில் பிளவு விளைபொருட்கள்

பிளவு விளைபொருட்கள் என்பவை யுரேனியம், புளூட்டோனியம் போன்ற கனமான அணுக்கருக்கள் நியூட்ரானால் தாக்கப்பட்டு இரண்டாகப் பிளவுறும்போது உண்டாகும் நடுத்தர நிறையுள்ள அணுக்கருக்கள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை கதிரியக்கம் உடையவை. அணு மின் நிலையம் வழக்கம்போல் இயங்கும்போது இவை எரிபொருளுக்குள்ளேயே அடைபட்டிருக்கின்றன. குளிர்விப்பு முற்றிலும் தவறி எரிபொருள் உருகும் நிலை ஏற்பட்டால் அது கடும் விபத்து எனப்படுகிறது. அப்போது எந்தத் தனிமம் வெளியேறும், எவ்வளவு வெளியேறும், எந்த வேதி வடிவில் வெளியேறும், எங்கே போய்ப் படியும் என்பவற்றைப் பொறுத்தே மக்களுக்கு ஏற்படும் பாதிப்பு அமைகிறது.

தமிழ்நாட்டில் கல்பாக்கம், கூடங்குளம் ஆகிய இரு இடங்களில் அணு மின் நிலையங்கள் உள்ளன. கல்பாக்கத்திலிருந்து நேர்கோட்டில் திண்டிவனம் ஏறத்தாழ 65 முதல் 70 கிலோமீட்டர் தொலைவிலும், விழுப்புரம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலும் தென்மேற்குத் திசையில் அமைந்துள்ளன. கல்பாக்கத்தில் இத்தகைய கடும் விபத்து எதுவும் நிகழ்ந்ததில்லை. ஆயினும் இத்தொலைவில் வாழும் மக்கள் பிளவு விளைபொருட்களின் இயல்பை அறிந்திருப்பது, தேவையற்ற அச்சத்தையும் தேவையற்ற அலட்சியத்தையும் ஒருசேரத் தவிர்க்க உதவும்.

தோற்றம்

ஒரு யுரேனியம்-235 அணுக்கரு பிளவுறும்போது ஏறத்தாழ 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலும், இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்களும், இரண்டு துண்டுகளும் வெளிப்படுகின்றன. இரு துண்டுகளும் பெரும்பாலும் சம அளவில் இருப்பதில்லை. ஒன்றின் நிறை எண் 95ஐ ஒட்டியும் மற்றொன்றின் நிறை எண் 140ஐ ஒட்டியும் அமைவதே மிகுதி. எனவேதான் ஸ்ட்ரோன்சியம், சிர்க்கோனியம், ருத்தேனியம் ஆகியவை ஒரு பக்கமும், அயோடின், செனான், சீசியம், பேரியம் ஆகியவை மறுபக்கமும் குவிகின்றன.

நூறு யுரேனியம்-235 அணுக்கள் பிளவுற்றால், இறுதியில் ஏறத்தாழ 6 சீசியம்-137 அணுக்களும், 6 ஸ்ட்ரோன்சியம்-90 அணுக்களும், 3 அயோடின்-131 அணுக்களும் கிடைக்கும். இவற்றின் அரைவாழ்வுக் காலங்கள் பெரிதும் வேறுபடுகின்றன.

கிரிப்டான்-88: ஏறத்தாழ 2.8 மணி நேரம்
டெல்லூரியம்-132: 3.2 நாட்கள்
செனான்-133: 5.2 நாட்கள்
அயோடின்-131: 8 நாட்கள்
ருத்தேனியம்-106: ஏறத்தாழ 1 ஆண்டு
சீசியம்-134: 2 ஆண்டுகள்
கிரிப்டான்-85: 10.8 ஆண்டுகள்
ஸ்ட்ரோன்சியம்-90: 28.8 ஆண்டுகள்
சீசியம்-137: 30 ஆண்டுகள்

பத்து அரைவாழ்வுக் காலங்கள் கழிந்தால் ஒரு கதிரியக்கப் பொருள் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். அயோடின்-131 அந்நிலையை 80 நாட்களில் அடைகிறது. சீசியம்-137 அந்நிலையை அடைய 300 ஆண்டுகள் ஆகும். ஒரு விபத்தின் முதல் சில வாரங்களை அயோடினும், அதன் பின் வரும் பல ஆண்டுகளைச் சீசியமும் தீர்மானிப்பதற்கு இதுவே காரணம்.

அடுத்தடுத்த தடைகள்

பிளவு விளைபொருட்களுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையில் நான்கு தடைகள் உள்ளன.

முதலாவது, யுரேனியம் டைஆக்சைடு வில்லை. இது பீங்கான் போன்ற பொருள். உருகுநிலை ஏறத்தாழ 2,850 டிகிரி செல்சியஸ். விளைபொருட்களின் பெரும்பகுதி இதன் படிகத்துக்குள்ளேயே சிக்கியிருக்கும்.

இரண்டாவது, வில்லைகளை மூடியுள்ள சிர்க்கோனியம் உலோகக்கலவை உறை. வில்லையிலிருந்து கசியும் வளிமங்கள் உறைக்கும் வில்லைக்கும் இடையிலான சிறு இடைவெளியில் தேங்கி நிற்கும்.

மூன்றாவது, குளிர்விக்கும் நீர் சுற்றிவரும் குழாய்களும் கலன்களும் சேர்ந்த மூடிய சுற்று.

நான்காவது, இவை அனைத்தையும் உள்ளடக்கிய தடித்த கற்காரைக் கட்டடம். இது கொள்கட்டடம் எனப்படும்.

கடும் விபத்து என்பது இத்தடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தகர்வதே ஆகும். முதல் மூன்றும் தகர்ந்தாலும் நான்காவது நிலைத்து நின்றால் வெளியே வரும் கதிரியக்கம் மிகச் சிறிதாக இருக்கும்.

எஞ்சு வெப்பம்

கட்டுப்படுத்தும் கழிகள் உள்ளே இறங்கியதும் தொடர்வினை சில நொடிகளில் நின்றுவிடும். ஆனால் வெப்பம் நிற்பதில்லை. ஏற்கெனவே குவிந்துள்ள பிளவு விளைபொருட்கள் சிதைந்துகொண்டே இருப்பதால் வெப்பம் தொடர்ந்து உண்டாகிறது. இது எஞ்சு வெப்பம் எனப்படுகிறது. உலையை நிறுத்திய உடனே இது முழுத் திறனில் 6 முதல் 7 விழுக்காடு வரை இருக்கும். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1.5 விழுக்காடாகவும், ஒரு நாளில் ஏறத்தாழ 0.5 விழுக்காடாகவும் குறையும்.

விழுக்காட்டில் பார்த்தால் இது சிறிதாகத் தோன்றும். கூடங்குளத்தின் ஓர் உலையின் வெப்பத்திறன் 3,000 மெகாவாட். அதை நிறுத்திய உடனே ஏறத்தாழ 200 மெகாவாட் வெப்பமும், ஒரு நாள் கழிந்த பின்னும் ஏறத்தாழ 15 மெகாவாட் வெப்பமும் வந்துகொண்டிருக்கும். இவ்வெப்பத்தை அகற்ற நீர் வேண்டும். நீரைச் செலுத்த மின்சாரமோ இயற்கைச் சுழற்சியோ வேண்டும். அணு உலைப் பாதுகாப்பின் பெரும் பகுதி இந்த ஒரு தேவையைச் சுற்றியே அமைந்துள்ளது.

இந்தியாவில் இதற்கு இரு முக்கிய நிகழ்வுகள் சான்றாகின்றன. 1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணு மின் நிலையத்தில் விசையாழியின் அலகுகள் முறிந்து தீப்பற்றியது. மின்கம்பிகள் எரிந்துபோனதால் ஏறத்தாழ 17 மணி நேரம் நிலையத்துக்கு மின்சாரமே இல்லாமல் போனது. பணியாளர்கள் டீசலால் இயங்கும் தீயணைப்பு எக்கிகளைக் கொண்டு நீராவி உற்பத்திக் கலன்களுக்கு நீர் செலுத்தினர். உலைக்குள் கனநீர் இயற்கைச் சுழற்சியால் ஓடி வெப்பத்தைக் கடத்தியது. எரிபொருள் சேதமடையவில்லை, கதிரியக்கமும் வெளியேறவில்லை. பன்னாட்டு அணு நிகழ்வு அளவுகோலில் இந்நிகழ்வு 3ஆம் நிலையில் வைக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது கல்பாக்கத்தில் 2ஆம் அலகு இயங்கிக்கொண்டிருந்தது. கடல்நீர் எக்கி நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. உலை நிறுத்தப்பட்டு, குளிர்விப்பு தடையின்றித் தொடர்ந்தது. நிலையத்தின் குடியிருப்புப் பகுதியில் உயிரிழப்புகள் ஏற்பட்டன. எனினும் உலையிலிருந்து கதிரியக்கக் கசிவு ஏற்படவில்லை. ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குப் பின் சப்பானின் புகுசிமாவில் அதே வகையான பேரலை, மின்னாக்கிகளை மூழ்கடித்துக் குளிர்விப்பை நிறுத்தியபோது முடிவு வேறாக இருந்தது.

எரிபொருள் உருகும் படிகள்

நீர் வற்றி எரிபொருள் கோல்கள் வெளியே தெரியத் தொடங்கியதும் வெப்பநிலை ஏறுகிறது.

700 முதல் 900 டிகிரியில் உறை மென்மையாகி, உள்ளிருக்கும் வளிம அழுத்தத்தால் ஊதிப் பெருத்து வெடிக்கிறது. இடைவெளியில் தேங்கியிருந்த செனான், கிரிப்டான், சிறிதளவு அயோடின், சீசியம் ஆகியவை உடனே வெளியேறுகின்றன. எரிபொருளில் உள்ள மொத்த இருப்பில் இது சில விழுக்காடே.

1,200 டிகிரிக்கு மேல் சிர்க்கோனியம் நீராவியோடு விரைந்து வினைபுரிந்து சிர்க்கோனியம் டைஆக்சைடாகவும் ஐதரசனாகவும் மாறுகிறது. இவ்வினை தானே வெப்பத்தையும் உமிழ்வதால் வெப்பநிலை மேலும் வேகமாக ஏறுகிறது. ஒரு கிலோகிராம் சிர்க்கோனியம் முழுவதும் வினைபுரிந்தால் ஏறத்தாழ 44 கிராம் ஐதரசன் உண்டாகும். சாதாரண நிலையில் அது ஏறத்தாழ 500 லிட்டர் கன அளவு கொண்டது. புகுசிமாவில் கட்டடங்களைத் தகர்த்தது இந்த ஐதரசனே.

1,800 டிகிரியை ஒட்டி உறை உருகி, வில்லையையும் கரைக்கத் தொடங்குகிறது. அதனால் தூய யுரேனியம் டைஆக்சைடின் உருகுநிலையை எட்டும் முன்பே எரிபொருள் குழம்பாகக் கீழே வழிகிறது. வில்லைக்குள் சிக்கியிருந்த எளிதில் ஆவியாகும் தனிமங்களின் பெரும்பகுதி இக்கட்டத்தில் வெளியேறுகிறது.

குழம்பு அழுத்தக்கலனின் அடியைத் துளைத்தால் அது கீழுள்ள கற்காரையோடு வினைபுரியும். அப்போது மேலும் வளிமங்களும், எளிதில் ஆவியாகாத சில தனிமங்களின் நுண்துகள்களும் உண்டாகின்றன.

தனிமங்களின் வேறுபட்ட போக்கு

உருகும் எரிபொருளிலிருந்து எல்லாத் தனிமங்களும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை. ஆவியாகும் தன்மையும் வேதி வினைத்திறனும் அவற்றைப் பல குழுக்களாகப் பிரிக்கின்றன.

மந்த வாயுக்கள்: செனான், கிரிப்டான் ஆகியவை எதனோடும் எளிதில் சேர்வதில்லை, நீரில் கரைவதும் மிகக் குறைவு. எரிபொருள் உருகினால் இவை ஏறக்குறைய முழுவதும் வெளியேறும். வடிகட்டிகளும் இவற்றைப் பிடிக்காது. ஆனால் உடலில் தங்குவதில்லை, மண்ணிலும் படிவதில்லை. மேகம் கடந்து செல்லும் நேரத்தில் மட்டும் வெளிப்புறக் கதிர்வீச்சைத் தருகின்றன.

அயோடின்: தனி அயோடின் 184 டிகிரியிலேயே கொதிக்கும் இயல்புடையது. ஆனால் எரிபொருளிலிருந்து வெளிவரும் அயோடினின் பெரும்பகுதி சீசியம் அயோடைடு போன்ற உப்பு வடிவில் நுண்துகளாகச் செல்கிறது. ஒரு சிறு பகுதி வளிமமாகவே இருக்கும். கட்டடத்தில் உள்ள பூச்சு, மின்கம்பி உறை முதலிய கரிமப் பொருட்களோடு சேர்ந்து அது மெத்தில் அயோடைடாகவும் மாறலாம். இவ்வடிவத்தை வடிகட்டுவது கடினம்.

சீசியம்: 671 டிகிரியில் கொதிக்கும் கார உலோகம். நீராவியோடு சேர்ந்து ஐதராக்சைடாகவும், அயோடினோடு அயோடைடாகவும், மாலிப்டினத்தோடு மாலிப்டேட்டாகவும் மாறும். இச்சேர்மங்களில் ஐதராக்சைடும் அயோடைடும் நீரில் மிக எளிதாகக் கரைபவை.

டெல்லூரியம்: ஆவியாகக்கூடியது. ஆனால் ஆக்சிசனேற்றம் அடையாத சிர்க்கோனியம் இதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உறை முழுவதும் ஆக்சைடான பிறகே பெருமளவில் விடுபடும். டெல்லூரியம்-132 சிதைந்து குறுகிய வாழ்வுடைய அயோடின்-132ஐத் தருவதால் முதல் சில நாட்களில் இதற்கு முக்கியத்துவம் உண்டு.

ஸ்ட்ரோன்சியம், பேரியம்: இவற்றின் ஆக்சைடுகள் எளிதில் ஆவியாகா. இருப்பில் ஒரு சிறு விழுக்காடே வெளியேறும். ஸ்ட்ரோன்சியம்-90 உடலில் கால்சியத்தைப் போல எலும்பில் தங்குவதால், குறைந்த அளவில் வெளியேறினாலும் கவனிக்கப்பட வேண்டியது.

ருத்தேனியம்: உலோக நிலையில் 4,000 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். எனவே நீராவிச் சூழலில் வெளியேறுவது மிகக் குறைவு. ஆனால் வெப்பமான எரிபொருள் நேரடியாகக் காற்றில் வெளிப்பட்டால் ருத்தேனியம் டெட்ராக்சைடாக மாறி எளிதில் ஆவியாகிவிடும்.

இலாந்தனம், சீரியம், சிர்க்கோனியம், புளூட்டோனியம்: இவற்றின் ஆக்சைடுகள் மிக உறுதியானவை. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஆவியாகி வெளியேறும். எரிபொருளே தூளாகி வெளியே சிதறினால் மட்டும் இவை பரவும்.

1962இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட பழைய கணக்கீட்டு முறை, அயோடின் பெரும்பாலும் வளிமமாகவே இருக்கும் என்று கொண்டது. திரீ மைல் ஐலண்டு விபத்துக்குப் பின் இக்கருத்து மாறியது. பிரான்சின் கடராஷ் ஆய்வு மையத்தில் 1993 முதல் 2004 வரை ஐந்து பெபுசு சோதனைகள் நடத்தப்பட்டன. உண்மையான எரிபொருளைச் சிறிய அளவில் உருக்கி, விளைபொருட்கள் குழாய் வழியே கொள்கட்டடம் வரை செல்வதை அவை அளந்தன. சீசியத்தின் வேதி வடிவம், கட்டுப்படுத்தும் கழியிலுள்ள வெள்ளி அயோடினைப் பிடித்து வைப்பது போன்றவை இச்சோதனைகளால் தெளிவாயின.

கொள்கட்டடத்துக்குள் நிகழ்பவை

வெளியேறிய ஆவிகள் குளிர்ந்த பகுதிக்கு வந்ததும் உறைந்து நுண்துகள்களாகின்றன. இத்துகள்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிப் பெரிதாகி, தம் எடையால் தரையில் படிகின்றன. சுவர்களில் நீராவி குளிர்ந்து நீராகும்போது அதனோடு சேர்ந்தும் ஒட்டுகின்றன. நீர்த்தெளிப்பான்கள் இயங்கினால் படிவது மேலும் விரைவாகும். எனவே கொள்கட்டடம் ஒரு நாள் தாக்குப்பிடித்தாலே காற்றில் மிதக்கும் துகள்களின் அளவு பெருமளவு குறைந்துவிடும். கட்டடம் உடைகிறதா என்பதைப் போலவே எப்போது உடைகிறது என்பதும் முக்கியம்.

நீரில் கரைந்த அயோடைடு அங்கேயே தங்குமா என்பது நீரின் தன்மையைப் பொறுத்தது. நீர் அமிலத்தன்மை அடைந்தால், கதிர்வீச்சின் விளைவால் அயோடைடு மீண்டும் தனி அயோடினாக மாறி வளிமமாக வெளியேறும். நீரைக் காரத்தன்மையில் வைத்தால் பெரும்பகுதி நீரிலேயே நிற்கும். பள்ளி ஆய்வகத்தில் லிட்மசுத் தாள் காட்டும் அதே வேறுபாடு, இங்கே ஒரு மாவட்டத்தின் பால் உணவையே தீர்மானிக்கும் ஒன்றாகிறது.

அழுத்தம் மிகுந்து கட்டடம் உடையும் நிலை வந்தால், வளிமத்தை வடிகட்டி வெளியேற்றும் அமைப்பு பயன்படும். சோடியம் ஐதராக்சைடும் சோடியம் தயோசல்பேட்டும் கலந்த நீர்த்தொட்டி வழியே வளிமம் குமிழிகளாகச் செல்லும்போது துகள்களும் அயோடினும் நீரில் தங்கிவிடும். மந்த வாயுக்கள் மட்டும் தப்பிச் செல்லும்.

விபத்துகள் தந்த பாடங்கள்

விண்ட்சுகேல், இங்கிலாந்து, 1957 அக்டோபர் 10: காற்றால் குளிர்விக்கப்பட்ட கிராபைட்டு உலையில் தீப்பற்றியது. புகைபோக்கியின் உச்சியில் இருந்த வடிகட்டி துகள்களின் ஒரு பகுதியைத் தடுத்தது. அயோடின்-131 வெளியேறியதால், ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் பால் விற்பனை தடை செய்யப்பட்டு, கறந்த பால் கொட்டப்பட்டது.

திரீ மைல் ஐலண்டு, அமெரிக்கா, 1979 மார்ச் 28: எரிபொருளில் ஏறத்தாழ பாதி உருகியது. ஏறத்தாழ 20 டன் குழம்பு அழுத்தக்கலனின் அடியில் சேர்ந்தது. ஆனால் கலன் துளைபடவில்லை, கொள்கட்டடமும் நிலைத்தது. மந்த வாயுக்கள் பல இலட்சம் கியூரி அளவில் வெளியேறின. அயோடின்-131 ஏறத்தாழ 15 கியூரி மட்டுமே வெளியேறியது. நீர் மிகுந்த சூழலில் அயோடின் உப்பாகக் கரைந்து நின்றதே காரணம்.

செர்னோபில், சோவியத் ஒன்றியம், 1986 ஏப்ரல் 26: உலை வெடித்துத் திறந்தது. மேலை நாட்டு வகைக் கொள்கட்டடம் இல்லை. கிராபைட்டுத் தீயால் பத்து நாட்கள் வெளியேற்றம் தொடர்ந்தது. மந்த வாயுக்கள் முழுவதும், அயோடின்-131இல் 50 முதல் 60 விழுக்காடும், சீசியத்தில் 20 முதல் 40 விழுக்காடும் வெளியேறின. எரிபொருள் காற்றில் வெளிப்பட்டதால் ருத்தேனியமும் கணிசமாகப் பரவியது.

புகுசிமா, சப்பான், 2011 மார்ச் 11: மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. கொள்கட்டடங்கள் கசிந்தன, ஆயினும் ஒரேயடியாகத் திறந்துவிடவில்லை. மூன்று உலைகளின் இருப்பில் அயோடின்-131இல் ஏறத்தாழ 2 முதல் 8 விழுக்காடும், சீசியம்-137இல் 1 முதல் 3 விழுக்காடும் காற்றில் கலந்தன. அதில் பெரும்பகுதி பசிபிக் பெருங்கடல் மீது சென்றது.

செர்னோபில் விபத்தின் மிகப் பெரிய துயரம் பாலின் வழியே வந்தது. மாடு மேயும் புல்லில் அயோடின்-131 படிந்து, பாலில் சேர்ந்து, குழந்தைகளின் தைராய்டு சுரப்பியில் குவிந்தது. பெலருசு, உக்ரைன், உருசியா ஆகிய நாடுகளின் பாதிக்கப்பட்ட பகுதிகளில், விபத்தின்போது 18 வயதுக்குட்பட்டவர்களாக இருந்தோரிடையே 2005 வரை 6,000க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் பதிவாயின. இவற்றில் கணிசமான பகுதிக்கு அயோடின்-131 காரணம் என ஐக்கிய நாடுகள் அவையின் அறிவியல் குழு மதிப்பிட்டது. சில வாரங்கள் உள்ளூர்ப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்காமல் நிறுத்தியிருந்தால் இவற்றில் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம். அண்டை நாடான போலந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு விரைவாக அயோடின் மருந்து அளித்தது.

தமிழ்நாட்டு உலைகள்

சென்னை அணு மின் நிலையம், கல்பாக்கம்: இங்குள்ள இரு அழுத்தக் கனநீர் உலைகள் ஒவ்வொன்றும் 220 மெகாவாட் மின்திறன் கொண்டவை. 1984இலும் 1986இலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. இயற்கை யுரேனியம் 306 கிடைமட்டக் குழாய்களில் வைக்கப்படுகிறது. உலை இயங்கும்போதே எரிபொருள் மாற்றப்படுவதால், ஒவ்வொரு கற்றையும் குறைந்த காலமே உள்ளே இருக்கும். எனவே ஒரு டன் எரிபொருளில் சேரும் சீசியம்-137, செறிவூட்டிய யுரேனியம் பயன்படுத்தும் உலைகளைவிடக் குறைவு. விபத்தில் வெளிப்படும் நீராவியை ஒரு நீர்த்தொட்டிக்குள் செலுத்திக் குளிர்விக்கும் அமைப்பு இங்கு உள்ளது. இத்தொட்டி நீர் அழுத்தத்தைக் குறைப்பதோடு அயோடினையும் சீசியத்தையும் கரைத்துப் பிடிக்கவும் செய்யும். கல்பாக்கம் உலைகளில் தணிப்பானான கனநீரைக் கீழே வடித்துவிட்டு உலையை நிறுத்தும் முறை பின்பற்றப்பட்டது. நரோரா முதலான பிந்தைய உலைகளில் இது மாற்றப்பட்டு, கனநீர் குழாய்களைச் சூழ்ந்தே நிற்கிறது. அதற்கு வெளியேயுள்ள பெட்டகமும் நீரால் நிரப்பப்பட்டது. குளிர்விப்பு தவறினால் இந்நீர் வெப்பத்தை உறிஞ்சி, எரிபொருள் உருகுவதைத் தாமதப்படுத்தும்.

கூடங்குளம்: உருசிய வடிவமைப்பில் அமைந்த 1,000 மெகாவாட் உலைகள். முதல் உலை 2013 சூலையில் தொடர்வினையை எட்டியது. அழுத்தக்கலனுக்குக் கீழே உருகுகுழம்பு ஏந்தி ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. அதிலுள்ள இரும்பு ஆக்சைடும் அலுமினியம் ஆக்சைடும் குழம்போடு கலந்து அதை நீர்க்கச் செய்து குளிர்விக்கும். மின்சாரமின்றியே ஐதரசனை ஆக்சிசனோடு சேர்த்து நீராக மாற்றும் வினையூக்கிக் கருவிகளும் உள்ளன.

வேக ஈனுலைகள்: கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் வேக ஈனுலைச் சோதனை உலை 1985 முதல் இயங்கி வருகிறது. 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையும் அங்கே அமைக்கப்பட்டுள்ளது. இவற்றில் நீருக்குப் பதிலாகத் திரவச் சோடியம் குளிர்விப்பானாகப் பயன்படுகிறது. சோடியம் அயோடினோடு சேர்ந்து சோடியம் அயோடைடாகி, அயோடினைப் பெருமளவு தன்னுள் வைத்துக்கொள்ளும். சீசியமும் சோடியத்தில் கரையும். மந்த வாயுக்கள் மட்டும் மேலேயுள்ள ஆர்கான் வளிமத்துக்குச் செல்லும். ஆனால் சோடியம் காற்றுபட்டால் எரியும். அடர்ந்த வெண்புகை எழும். அப்புகைத் துகள்களோடு பிளவு விளைபொருட்கள் எவ்வாறு ஒட்டிப் படிகின்றன என்பதை ஆராய அம்மையத்தில் தனி ஆய்வு வசதி உள்ளது.

காற்று, மழை, மண்

கொள்கட்டடத்தை விட்டு வெளியேறிய பின் விளைபொருட்களின் பாதையைக் காற்றே வகுக்கிறது. கல்பாக்கம் கடற்கரையில் இருப்பதால், மேற்கிலிருந்து காற்று வீசும்போது வெளியேற்றம் வங்காள விரிகுடா மீது செல்லும். தென்மேற்குப் பருவக் காலத்தில் இது மிகுதி. எனினும் பிற்பகலில் கடற்காற்று உள்நாட்டை நோக்கித் திரும்பும். வடகிழக்குப் பருவக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்று வடகிழக்கிலிருந்து தென்மேற்காக வீசுகிறது. மதுராந்தகம், திண்டிவனம், விழுப்புரம் ஆகியவை அத்திசையை ஒட்டியே உள்ளன.

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று திண்டிவனத்தை அடைய ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஆகும். அதற்குள் கிரிப்டான்-88 மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அயோடின்-131, சீசியம்-137 ஆகியவை சிதைவால் குறைவதில்லை என்றே சொல்லலாம். ஆனால் காற்றில் பரவி நீர்த்துப்போவதாலும் வழியில் படிவதாலும் அவற்றின் செறிவு தொலைவுக்கேற்பக் குறைகிறது.

இந்த ஒழுங்கை மழை குலைத்துவிடும். மேகத்திலும் காற்றிலும் உள்ள துகள்களை மழை ஒரே இடத்தில் கழுவி இறக்கும். புகுசிமாவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வடமேற்கே இருந்த இட்டாட்டே கிராமம், அருகிலிருந்த பல ஊர்களைவிட மிகுதியாக மாசடைந்தது. மார்ச் 15 அன்று காற்று அத்திசையில் வீசியபோது மழையும் பனியும் பெய்ததே காரணம். செர்னோபிலிலும் ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பால் மழை பெய்த இடங்களில் மாசுத் திட்டுகள் உண்டாயின. எனவே வரைபடத்தில் வட்டம் போட்டு, உள்ளே ஆபத்து, வெளியே பாதுகாப்பு என்று பிரிப்பது முழுமையான விளக்கம் ஆகாது.

இந்திய அணு மின் நிலையங்களுக்கு நெருக்கடிக்காலத் திட்டமிடல் பகுதி 16 கிலோமீட்டர் ஆரத்தில் வகுக்கப்பட்டது. அப்பகுதியில் மாவட்ட நிருவாகம் நிலையத்தோடு இணைந்து ஒத்திகைகள் நடத்துகிறது. திண்டிவனமும் விழுப்புரமும் இதற்கு வெளியே உள்ளன. இத்தொலைவில் மக்களை வெளியேற்றும் தேவையைவிட, பால், கீரை, மூடப்படாத குடிநீர், கால்நடைத் தீவனம் ஆகியவற்றைப் பரிசோதித்துக் கட்டுப்படுத்தும் தேவையே முதலில் எழக்கூடியது.

மண்ணில் படிந்த சீசியம் களிமண் துகள்களோடு இறுகப் பிணைந்து மேல்மண்ணிலேயே நிற்கும். களி குறைந்த மணற்பாங்கான மண்ணில் பயிருக்கு எளிதாக ஏறும். வேதி இயல்பில் சீசியம் பொட்டாசியத்தை ஒத்தது. எனவே பொட்டாசு உரம் இட்டால் பயிர் எடுக்கும் சீசியம் குறைகிறது. புகுசிமா நெல் வயல்களில் இம்முறை பயன்பட்டது. ஸ்ட்ரோன்சியம் கால்சியத்தை ஒத்தது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்களால் பெயர் பெற்ற மணிலாப் பயிர், காய்க்கு வேண்டிய கால்சியத்தை மண்ணிலிருந்து காயின் வழியே நேரடியாக எடுக்கிறது. ஆகவே ஸ்ட்ரோன்சியம் படிந்த மண்ணில் இதைத் தனியே சோதிக்க வேண்டியிருக்கும். மணிலாவுக்கு விவசாயிகள் வழக்கமாக இடும் ஜிப்சம் கால்சியத்தைத் தருவதால், கால்சியம் குறைந்த மண்ணில் ஸ்ட்ரோன்சியம் ஏறுவதைக் குறைக்கும் தன்மை உடையது.

பொதுவான தவறான கருத்துகள்

உலை அணுகுண்டு போல வெடிக்கும் என்பது தவறு. மின் நிலைய எரிபொருளின் செறிவு அதற்குப் போதாது. செர்னோபிலில் நீராவி அழுத்தமும், புகுசிமாவில் ஐதரசனும் கட்டடங்களைத் தகர்த்தன.

அயோடின் மாத்திரை எல்லாக் கதிரியக்கத்திலிருந்தும் காக்கும் என்பதும் தவறு. பொட்டாசியம் அயோடைடு மாத்திரை தைராய்டு சுரப்பியை முன்கூட்டியே சாதாரண அயோடினால் நிரப்புகிறது. அதனால் கதிரியக்க அயோடின் அங்கே சேர்வது குறைகிறது. சீசியத்துக்கும் ஸ்ட்ரோன்சியத்துக்கும் அது பயன்படாது. அதிகாரிகள் அறிவிக்கும் நேரத்தில், அறிவிக்கும் அளவில் மட்டுமே அதை உட்கொள்ள வேண்டும்.

அயோடின் கலந்த சமையல் உப்பை மிகுதியாக உண்பது மாற்றாகாது. பெரியவர்களுக்கான 130 மில்லிகிராம் மாத்திரையில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் அயோடின் உள்ளது. ஒரு கிலோ உப்பில் 15 மில்லிகிராம் அயோடின் இருப்பதாகக் கொண்டால், அதே அளவைப் பெற 6 கிலோவுக்கும் மேல் உப்புத் தின்ன வேண்டும். அவ்வளவு உப்பு உயிரையே பறித்துவிடும். 2011இல் சீனாவில் இவ்வதந்தியை நம்பி மக்கள் கடைகளில் உப்பை வாங்கிக் குவித்தனர்.

பாலைக் காய்ச்சினால் கதிரியக்கம் போய்விடும் என்பதும் சரியன்று. வெப்பத்தால் கிருமிகள் அழியும். அணுக்கருச் சிதைவை வெப்பம் பாதிப்பதில்லை. அயோடின்-131 மட்டும் கலந்த பாலைப் பொடியாக்கி மூன்று மாதங்கள் வைத்திருந்தால் அது தானே ஏறக்குறைய முழுவதும் சிதைந்துவிடும். சீசியம் கலந்த பாலுக்கு இவ்வழி உதவாது.

கண்காணிப்பு

இந்தியாவில் அணு உலைகளின் பாதுகாப்பை 1983 நவம்பர் 15 அன்று அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் மேற்பார்வையிடுகிறது. ஒவ்வொரு நிலையத்திலும் உள்ள சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் சுற்றுப்புறத்தின் காற்று, நீர், மண், பால், மீன், பயிர் ஆகியவற்றின் மாதிரிகளைத் தொடர்ந்து சோதித்து வருகிறது. இயல்பான நாட்களில் திரட்டப்படும் இவ்வளவுகளே விபத்துக் காலத்தில் ஒப்பிடுவதற்கான அடிப்படை ஆகும். வயலில் புதிதாகப் படிந்தது எவ்வளவு, முன்பே இருந்தது எவ்வளவு என்று பிரித்தறிய வேறு வழி இல்லை. புகுசிமாவுக்குப் பின் இந்திய நிலையங்களில் கூடுதலாக நீர் செலுத்தும் இணைப்புகள், ஐதரசன் கட்டுப்பாடு, வடிகட்டிய வெளியேற்றம் ஆகியவற்றுக்கான மேம்பாடுகள் மேற்கொள்ளப்பட்டன. இவை மூன்றும் முறையே எஞ்சு வெப்பம், சிர்க்கோனியம் வினை, அயோடின் மற்றும் சீசியம் துகள்கள் ஆகிய மூன்று சிக்கல்களுக்கான விடைகளாகும்.